பிரிட்டனின் ரோமானிய வில்லாக்களில் வாழ்ந்தவர்கள் யார்?

நீங்கள் கேட்டவை இரண்டு. இங்கிலாந்து செல்லும்போது பார்க்க நினைக்கும் ரோமானிய வில்லாக்கள், ரோமிலிருந்து வந்து குடியேறிய பிரபுக்களின் மாளிகைகளா என்பது ஒன்று. அந்தக் காலத்துக் கிராமத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத் தொல்லியலாளர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சிறியது: பெரும்பாலும் இல்லை. இரண்டாவதற்குப் பதில் நீளமானது. கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் அடியோடு மாறிப்போனதும் அதுதான்.

'வில்லா' என்றதும் வீட்டுமனை விளம்பரங்கள் நினைவுக்கு வந்தால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். லத்தீனில் அது நாட்டுப்புறத்தில் நிலத்தோடு சேர்ந்த வீட்டைக் குறித்த சொல். வீடு, களம், தொழுவம், தானியக் கிடங்கு, சுற்றியுள்ள உழவு நிலம் எல்லாம் அதில் அடக்கம். பிரிட்டனின் தொல்லியலாளர்கள் அதைக் குறுக்கி, கல் அடித்தளமும் ஓட்டுக்கூரையும் சாந்து பூசி வண்ணம் தீட்டிய சுவர்களும் உள்ள நாட்டுப்புற வீட்டுக்கு மட்டும் வழங்கினார்கள். வசதி கூடினால் சிறு வண்ணக் கற்களைப் பதித்த மொசைக் தரை, குளியல் கூடம், தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிடும் ஹைப்போகாஸ்ட் ஆகியவையும் இருக்கும். சிக்கல் தொடங்கியது இங்கேதான். அலங்காரத்தை அடையாளமாக வைத்துத் தேடினால், அலங்காரம் இல்லாத பண்ணை கண்ணில் படாது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அப்படித்தான் தேடினார்கள்.

முதலில் உரிமையாளர்களைப் பார்ப்போம். கி.பி. 43-இல் கிளாடியஸ் பேரரசரின் படை பிரிட்டனில் இறங்கியது. 410 வாக்கில் ரோமானிய ஆட்சி முடிந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்கு அருகே உள்ள கோர்ஹம்பரியில் 1972 முதல் 1982 வரை டேவிட் நீல் அகழாய்வு செய்தார். படையெடுப்புக்கு முன்பே அங்கே அகழி சூழ்ந்த வளமான பண்ணை ஒன்று இருந்தது. அதே வளாகத்துக்குள் பின்னாளில் மரவீடு எழுந்தது, அதன் பிறகு கல்வீடு எழுந்தது. இடம் மாறவில்லை, வீடுதான் மாறிக்கொண்டே வந்தது. இப்படிப்பட்ட தொடர்ச்சி பல வில்லாக்களில் தென்படுகிறது. ஏற்கெனவே நிலமும் செல்வாக்கும் வைத்திருந்த உள்ளூர்க் குடும்பங்கள், புதிய ஆட்சியில் தங்கள் நிலையைக் காட்டிக்கொள்ள ரோமானியப் பாணியில் வீடு கட்டினார்கள் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஓய்வு பெற்ற படைவீரர்களும் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த செல்வர்களும் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள்தான் வில்லாக்களைக் கட்டினார்கள் என்று சொல்ல முடியாது.

சஸ்ஸெக்ஸில் சிசெஸ்டருக்கு அருகே உள்ள ஃபிஷ்போர்ன் விதிவிலக்கான இடம். 1960-இல் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியபோது அது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு அகழாய்வைத் தொடங்கிய பேரி கன்லிஃபுக்கு அப்போது வயது இருபத்தொன்று. கி.பி. 75 வாக்கில் கட்டப்பட்ட அந்த வளாகத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 150 மீட்டர். அதை வில்லா என்பதைவிட அரண்மனை என்பதே பொருந்தும். நடுவில் இருந்த தோட்டத்தில் செடிவேலி வைக்க வெட்டிய பாத்திகளின் தடம்கூட மண்ணின் நிறவேறுபாட்டில் கிடைத்தது. அதன் உரிமையாளராகக் கன்லிஃப் முன்மொழிந்தவர் டோகிடுப்னஸ். ரோமுக்கு விசுவாசமாக இருந்தவர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடும் பிரிட்டானிய மன்னர் அவர். இதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் இத்தாலியக் கைவினைஞர்களின் வேலை தெரியும் இந்த மாளிகைக்குக்கூட உள்ளூர் மன்னரைத்தான் முதலில் நினைக்கத் தோன்றுகிறது என்பதைக் கவனியுங்கள்.

நமக்கு எளிதில் புரியக்கூடிய கருத்து ஒன்றும் உண்டு. பல வில்லாக்களின் தரைப்படத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு அறைத்தொகுதிகள் ஒரே கூரையின் கீழ் காணப்படுகின்றன. ஜே. டி. ஸ்மித் என்ற ஆய்வாளர் இவற்றைக் கூட்டுக்குடும்பத்தின் அடையாளமாகப் படித்தார்: அண்ணன் தம்பிகளோ நெருங்கிய உறவினர்களோ நிலத்தைப் பிரிக்காமல், வீட்டுக்குள் மட்டும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்திருக்கலாம் என்றார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. எனக்கு இது எல்லா வில்லாக்களுக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. சிலவற்றுக்கு நன்றாகவே பொருந்துகிறது. வெளியே தூண்வரிசையும் ரோமானிய முகப்பும், உள்ளே பழைய உறவுமுறையும் என்ற அந்தப் படம் மனதை விட்டு அகலாதது.

இப்போது தோண்டிய விதத்துக்கு வருகிறேன். 1790-களில் கிளாஸ்டர்ஷயரின் வுட்செஸ்டரில் சாமுவேல் லைசன்ஸ், கிரேக்கத் தொன்மக்கதைப் பாடகன் ஓர்ஃபியஸைக் காட்டும் மொசைக்கை வெளிக்கொணர்ந்தார். 1811-இல் சஸ்ஸெக்ஸின் பிக்னரில் ஏர் முனை ஒரு மொசைக் தரையில் தட்டியது. 1864-இல் கிளாஸ்டர்ஷயரின் செட்வொர்த் காட்டில், வளைக்குள் சிக்கிய வேட்டைப் பிராணியை மீட்கத் தோண்டிய காவலாளியின் கண்ணில் சிறு சதுரக் கற்கள் பட்டன என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அக்கால வழக்கம் ஒன்றுதான்: சுவரைக் கண்டுபிடி, அதை ஒட்டியே பள்ளம் வெட்டிக்கொண்டு போ, அறைக்குள் இருக்கும் மண்ணை வாரிக் கொட்டு, மொசைக் வந்ததும் நிறுத்து. வாரிக் கொட்டிய மண்ணில்தான் பானையோடுகளும் எலும்புகளும் கருகிய தானியமும் இருந்தன. சுவரை ஒட்டி வெட்டிய பள்ளம், சுவருக்கும் தரைக்கும் இடையிலான தொடர்பை அறுத்துவிட்டது. எது முன், எது பின் என்று சொல்ல வேண்டிய சாட்சி அந்த ஒட்டுமிடம்தான்.

மண்ணடுக்குகளைப் பொறுமையாகப் படிக்கும் முறையைப் பரப்பியவர்களில் மார்ட்டிமர் வீலர் முக்கியமானவர். 1930-களின் தொடக்கத்தில் அவரும் அவர் மனைவி டெஸ்ஸாவும் வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தைத் தோண்டினார்கள். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த அவர், 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் இதே முறையைக் கையாண்டார். இடையில் வரப்புபோல மண்சுவர் விட்டுச் சதுரக் குழிகள் வெட்டும் அந்த முறையைக் கீழடிப் படங்களில் இன்றும் பார்க்கலாம். பிரிட்டனின் நாட்டுப்புற அகழாய்வில் பின்னாளில் அதைக் கைவிட்டார்கள். மரவீடு விட்டுச்செல்வது கம்பம் நட்ட குழிகளின் கரிய வட்டங்களை மட்டுமே. ஒரு வட்டம் இந்தக் குழியிலும் இன்னொன்று வரப்புக்கு அடியிலும் இருந்தால் வீட்டின் வடிவம் தெரியாது. எனவே பரந்த வெளியின் மேல்மண்ணை ஒரே நேரத்தில் நீக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் கல்வீட்டின் நிழலில் மறைந்திருந்த மரவீடுகளும் தொழுவங்களும் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன.

செட்வொர்த்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் சமீப காலத்தில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி அங்கிருந்து வந்தது. நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட வரலாறு இதுதான்: வில்லாக்களின் பொற்காலம் கி.பி. நான்காம் நூற்றாண்டு, 410-க்குப் பிறகு அவை விரைவில் பாழடைந்தன. இந்த முடிவின் பின்னால் இருந்த தர்க்கத்தைப் பாருங்கள். 402 வாக்கில் புதிய நாணயங்கள் பிரிட்டனுக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. பெரிய சூளைகளிலிருந்து வந்த மட்பாண்டங்களும் ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தன. தொல்லியலாளர் காலத்தைக் கணித்ததே நாணயத்தையும் பானையோட்டையும் கொண்டுதான். அவை நின்றதும், மனித வாழ்க்கையே நின்றுவிட்டதாகக் கணக்கு முடிந்தது.

2017-இல் பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் தொல்லியலாளர் மார்ட்டின் பாப்வொர்த்தின் குழு, செட்வொர்த்தின் வடக்கு வரிசையில் 28-ஆம் எண் அறையைத் தோண்டியது. அங்கே ஒரு மொசைக் இருந்தது. அது ஒரு சுவரைத் தொட்டு முடிந்தது. சுவரின் அடித்தளப் பள்ளத்தில் எலும்பும் கரியும் சிக்கியிருந்தன. 2020 டிசம்பரில் வெளியான ரேடியோகார்பன் முடிவின்படி அவை 424-க்கு முற்பட்டவை அல்ல. எலும்பு பள்ளத்துக்குள் விழுந்த பிறகுதான் சுவர். சுவர் எழுந்த பிறகுதான் மொசைக். ஆக அந்தத் தரை ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. ரோமானிய ஆட்சி போய் ஒரு தலைமுறையோ அதற்கு மேலோ கழிந்த பின்னும், ஒரு குடும்பம் தன் வீட்டுக்குப் புதுத் தரை போட்டிருக்கிறது! வேலைப்பாடு பழைய மொசைக்குகள் அளவுக்கு நேர்த்தியில்லை; கோலத்தில் பிழைகள் உண்டு. கைத்திறன் குறைந்துகொண்டிருந்த காலத்தில் யாரோ ஒருவர் தன் குருவிடம் கற்றதை நினைவிலிருந்து போட முயன்ற தடமாகவே அந்தப் பிழைகளை நான் பார்க்கிறேன். சுவருக்கும் தரைக்குமான அந்த ஒட்டுமிடத்தை 1864-இல் வெட்டி எறிந்திருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் வில்லாவைப் பற்றியது. ரோமானிய பிரிட்டனில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேர் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் வில்லாவில் வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தெரிய வந்தது ஒரு சட்ட மாற்றத்தால். 1990-இல் இங்கிலாந்தில் கட்டுமான அனுமதி விதிகள் மாறின. சாலை போடுபவரோ, வீட்டுத் தொகுப்பு கட்டுபவரோ, சரளைக்கல் வெட்டுபவரோ தம் வேலையால் தொல்லெச்சம் அழியும் என்றால், முன்கூட்டியே ஆய்வு நடத்தும் செலவை ஏற்க வேண்டியதாயிற்று. இதன் விளைவை யாரும் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. அதுவரை எங்கே தோண்டுவது என்று தொல்லியலாளர் தேர்ந்தெடுத்தார். அவர் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் மொசைக் கிடைக்கும் இடத்தை. இப்போது தேர்ந்தெடுத்தது புறவழிச் சாலையின் தேவை. அது மொசைக்கைத் தேடிப் போகவில்லை; குறுக்கே வந்த எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போனது. எங்கு பார்த்தாலும் சிறு பண்ணைகள், மாட்டுப் பாதைகள், வேலியடைப்புகள், கிணறுகள், வட்ட வீடுகள்.

அறிக்கைகள் அச்சில் வராமல் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ரீடிங் பல்கலைக்கழகமும் காட்ஸ்வோல்ட் ஆர்க்கியாலஜி நிறுவனமும் தொல்லியல் தரவுக் காப்பகமும் சேர்ந்து அவற்றைத் திரட்டின. மைக்கேல் ஃபுல்ஃபோர்டும் நீல் ஹோல்ப்ரூக்கும் வழிநடத்திய அந்தத் திட்டத்தில் 2,500-க்கும் மேற்பட்ட நாட்டுப்புறக் குடியிருப்புகள் ஒரே தரவுத்தளத்துக்குள் வந்தன. 2016 முதல் 2018 வரை முடிவுகள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. என் பார்வையில், ரோமானிய பிரிட்டனைப் பற்றி நம் தலைமுறையில் நடந்த மிகப் பெரிய வேலை இதுதான். படத்தில் போட்டுக் காட்ட ஒரு பொற்கிண்ணம்கூட இல்லாததால் செய்தித்தாள்கள் அதை அதிகம் பேசவில்லை.

அந்தத் தரவு காட்டும் நாடு ஒரே மாதிரியானது அல்ல. வில்லாக்கள் தெற்கிலும் நடுப்பகுதியிலும் செறிந்திருக்கின்றன: காட்ஸ்வோல்ட் குன்றுகள், சோமர்செட், ஹாம்ப்ஷயர், கென்ட், நார்தாம்ப்டன்ஷயர். கார்ன்வாலிலும் வேல்ஸின் பெரும்பகுதியிலும் வடமேற்கிலும் அவை மிக அரிது. அங்கெல்லாம் பெரும்பாலும் முன்னோர் வாழ்ந்த பாணியிலேயே வட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள். சில இடங்களில் மூன்று நூற்றாண்டு ரோமானிய ஆட்சிக்குப் பிறகும் ஒரு நாணயமோ உடை ஊசியோ கிடைப்பது அபூர்வம். 'ரோமானியமயமாதல்' என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றறிஞர் ஹாவர்ஃபீல்ட் வளர்த்தெடுத்த கருத்து, பண்பாடு மேலிருந்து கீழே மெல்லச் சொரிந்ததாகச் சொன்னது. டேவிட் மேட்டிங்லி போன்ற இன்றைய தொல்லியலாளர்கள் இது பேரரசின் கண்ணால் பார்ப்பது என்றார்கள். வரி, படை, நில உரிமை என்று ஆளப்பட்டவர் பக்கமிருந்து பார்க்கச் சொன்னார்கள். வட்ட வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டாவது பார்வையின் வலு தெரிகிறது.

காலக்கணக்கும் ஒரு கதை சொல்கிறது. குடியிருப்புகளின் எண்ணிக்கை இரண்டாம் நூற்றாண்டில் உச்சத்தைத் தொட்டு, பின்னர் குறைகிறது. ஆனால் வில்லாக்கள் பெரிதாகி மொசைக்கால் நிறைவது நான்காம் நூற்றாண்டில். சிறு பண்ணைகள் குறையும்போது பெரிய வீடுகள் மேலும் பெரிதாகின்றன. நிலம் சிலர் கையில் குவிந்தது என்பது இதற்கான நேரடியான விளக்கம். 359-ஐ ஒட்டி, பின்னாளில் பேரரசரான ஜூலியன் ரைன் எல்லைப் படைகளுக்காக பிரிட்டனிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் கொண்டுபோனார். அந்தத் தானியத்தை விளைவித்தவர் வீட்டில் மொசைக் இருந்திருக்க வாய்ப்பில்லை.

விளைச்சலைப் பற்றி எப்படித் தெரியும்? குழியிலிருந்து எடுத்த மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மிதந்து வரும்; அவற்றைச் சல்லடையில் பிடித்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஸ்பெல்ட் என்ற உமி இறுகிய கோதுமையும் பார்லியும் முதன்மையானவை. பண்ணைகளில் ஆங்கில 'T' எழுத்தின் வடிவில் வெப்பக் குழாய் அமைந்த சூளைகள் அடிக்கடி கிடைக்கின்றன. ஈரத் தானியத்தை உலர்த்துவதற்கு என்றே நெடுநாள் நம்பினார்கள். பழங்கால வேளாண்மையைச் செய்து பார்ப்பதற்காக ஹாம்ப்ஷயரில் 1972-இல் தொடங்கிய பட்ஸர் பண்ணையில் பீட்டர் ரெய்னால்ட்ஸ் அதேபோன்ற சூளையைக் கட்டி எரித்துப் பார்த்தார். தானியம் உலர்த்த அது அவ்வளவாக உதவவில்லை. முளைகட்டிய பார்லியை வறுத்து பீர் காய்ச்சுவதற்கான மால்ட் தயாரிக்க நன்றாக உதவியது. பிறகு முளைவிட்ட நிலையில் கருகிய தானியங்கள் பல சூளைகளில் அடையாளம் காணப்பட்டன. சில சூளைகளை இரண்டுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

புதிய இடங்களைக் காட்டுவதில் வெயிலுக்கும் பங்குண்டு. மண்ணுக்குள் பழைய அகழி இருந்தால் அங்கே ஈரம் தங்கி பயிர் பச்சையாக உயரும். சுவர் இருந்தால் பயிர் குட்டையாகி முன்னதாகவே மஞ்சளாகும். 1976, 2018 போன்ற வறண்ட கோடைகளில் வானிலிருந்து பார்த்தால் வயலில் வரைபடம் விரித்ததுபோல் இருக்கும். ரட்லண்ட் மாவட்டத்தின் கெட்டனில் 2020 ஊரடங்குக் காலத்தில் வயலில் பானையோடுகள் தென்பட, செயற்கைக்கோள் படத்தில் பயிர்த்தடமும் தெரிந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது 11 மீட்டருக்கு 7 மீட்டர் அளவில் ஒரு மொசைக் வெளிப்பட்டது. அக்கிலீஸ் ஹெக்டருடன் மோதுவது, ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுப்பது, ஹெக்டரின் தந்தை பிரயாம் பொன் கொடுத்து அதை மீட்பது என்று மூன்று காட்சிகள். டிராய்ப் போரின் கதை பிரிட்டனின் ஒரு விருந்தறையில்!

அதே ரட்லண்டில், கிரேட் காஸ்டர்டனில், 2015-இல் ஒரு வீட்டை விரிவுபடுத்தும்போது இன்னொன்று கிடைத்தது. ஓர் அகழிக்குள் கோணலாகக் கிடந்த ஆணின் எலும்புக்கூடு. கணுக்கால்களில் பூட்டிய இரும்பு விலங்கு. காலம் 226-க்கும் 427-க்கும் இடையில். முறையான கல்லறைத் தோட்டம் அருகிலேயே இருந்தும் அவர் அங்கே அடக்கம் செய்யப்படவில்லை. அவர் அடிமை என்று எலும்பால் மட்டும் நிறுவ முடியாது. ஆனால் விலங்கோடு புதைத்தவர்கள் அப்படித்தான் அவரை நினைவில் நிறுத்த விரும்பினார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. கெட்டன் மொசைக்கைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் இந்த மனிதரையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த மொசைக்கின் உரிமையாளரையும் இவரையும் ஒரே பண்ணையோடு இணைக்கச் சான்றில்லை. ஆனால் இருவரும் ஒரே நாட்டுப்புறத்தின் மக்கள்.

எலும்பைப் படிப்பதில் அவசரம் கூடாது என்பதற்குப் பக்கிங்ஹாம்ஷயரின் யூடன் வில்லா உதாரணம். 1912-இல் நடந்த அந்த அகழாய்வில் 97 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. அண்மைக் காலத்தில் பழைய பெட்டிகளை மீண்டும் திறந்தபோது, பெரும்பாலானவை நிறைமாதத்தை ஒட்டி இறந்தவை என்று தெரிந்தது. உடனே அது பாலியல் விடுதி என்றும் சிசுக்கொலை என்றும் 2010-இல் தலைப்புச் செய்திகள் வந்தன. விடுதி என்பதற்கு வேறு சான்று எதுவும் இல்லை. சிசுக்கொலையா, பிரசவத்தில் இயல்பாக நேர்ந்த இறப்புகளா என்பதில் எலும்பியல் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. பிறந்ததும் இறந்த குழந்தையை வீட்டை ஒட்டியே புதைக்கும் வழக்கம் ரோமானிய உலகில் பரவலாக இருந்தது என்பதையும், 97 என்பது பல தலைமுறைகளின் தொகையாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பயணம். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் 49-ஆம் அறையிலிருந்து தொடங்குங்கள். கென்ட்டின் லல்லிங்ஸ்டோன் வில்லாவில் கைகளை விரித்துத் தொழும் கிறித்தவர்களின் சுவரோவியம் அங்கே இருக்கிறது. அதே அறையில் ஹாக்ஸ்ன் புதையலைத் தவறவிடாதீர்கள். 1992-இல் சஃபோக்கில் கிடைத்தது, 15,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள். அதில் ஒரு பெண்ணின் மார்பளவு உருவமாக அமைந்த வெள்ளி மிளகுச் சிமிழைத் தேடிப் பாருங்கள். அந்த மிளகு விளைந்தது நம் பழைய சேரநாட்டு மலைகளில். முசிறியில் யவனர் மரக்கலம் பொன்னொடு வந்து கறியொடு, அதாவது மிளகோடு, பெயர்ந்ததைச் சங்கப் பாடல் சொல்கிறதே, அந்தக் கறி சென்று சேர்ந்த தொலைதூர மேசைகளில் ஒன்று இது. செல்வர் மட்டும் உண்டதும் அல்ல: வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டிய விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கு ஒன்றில் படைவீரர் ஒருவர் வாங்கிய மிளகுக்கு இரண்டு டெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) என்று எழுதியிருக்கிறது.

அடுத்து ஃபிஷ்போர்ன். அதை முடித்துக்கொண்டு அன்றே பட்ஸருக்குப் போய்விடுங்கள், தொலைவு அதிகமில்லை. ஹாம்ப்ஷயரின் ஸ்பார்ஷோல்ட் வில்லாவின் தரைப்படத்தைக் கொண்டு அங்கே ஒரு வில்லாவைக் கட்டியிருக்கிறார்கள். அதே வளாகத்தில் வட்ட வீடுகளும் உண்டு. இரண்டுக்குள்ளும் சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள். செட்வொர்த் போனால் விருந்தறைத் தரையின் மூலையில் மனித உருவில் 'குளிர்காலம்' நிற்பான்: தலையை மூடிய கம்பளி அங்கி, கையில் முயல். பிரிட்டனின் அந்த அங்கிக்கு 301-இல் டயோக்ளீஷியன் பேரரசர் வெளியிட்ட விலைப்பட்டியலிலேயே இடமிருந்தது. நான் போன அன்று மழை. அவனுடைய அங்கியின் மீது பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன். நேரம் இருந்தால் கார்ன்வாலின் சைசாஸ்டருக்கும் போங்கள். ரோமானியர் ஆட்சிக் காலத்தில் மக்கள் வாழ்ந்த ஊர் அது. முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த கல்வீடுகளின் சுவர்கள் நிற்கின்றன. ஊரின் தெருவும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே மொசைக் ஒன்றும் இல்லை.